வசிஷ்டுக்கு அரை நாள் கேளுங்கள்

குலு – மணாலிக்கு ஐ.வி. கிளம்பும் கல்லூரி மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு மாணவ மாணவியரே,

இந்த ஆண்டும் உங்களில் பலர் தில்லி, ஆக்ரா, குலு, மணாலி என்று ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட்) கிளம்பப் போகிறீர்கள். பெயர் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் ஸ்வெட்டரும் குல்லாயும் தேட ஆரம்பித்திருப்பார்கள். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய அட்டவணை உங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் இருக்கும். அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மணாலியில் ஊர் சுற்றும் நாளில், ஹடிம்பா கோயிலுக்கும் மால் ரோடு ஷாப்பிங்குக்கும் நடுவே ‘வசிஷ்ட் வெந்நீர் ஊற்று’ என்று ஒரு வரி இருக்கலாம். சில அட்டவணைகளில் அதற்கு முக்கால் மணி நேரம் போட்டிருப்பார்கள். சிலவற்றில் அந்த வரியே இருக்காது.

இந்த மடல் அந்த ஒரு வரிக்காக. வசிஷ்டுக்கு அரை நாள் கேட்டு வாங்குங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். அந்த அரை நாளில், ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனவர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி இருங்கள் என்பது இரண்டாவது. நான் கல்லூரி ஆசிரியனாக இருந்தவன். மாணவர்களை அழைத்துக்கொண்டும், பிறகு தனியாகவும் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். அங்கே பார்த்தவையும் கற்றவையும் என்னோடு நின்றுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மணாலி ஊர் பியாஸ் ஆற்றின் வலது கரையில் இருக்கிறது. பாலம் தாண்டி இடது கரைக்கு வந்து, ஆற்றை எதிர்த்துக் கொஞ்ச தூரம் போனால் ஒரு சாலை வலப்புறம் பிரிந்து மலையில் ஏறும். மணாலியிலிருந்து மொத்தம் மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோ போகும். ஆனாலும் பிரிவுச் சாலையிலேயே இறங்கி நடந்து ஏறுங்கள் என்பேன். இருபது வயதுக் கால்களுக்கு அது பெரிய ஏற்றம் இல்லை. கீழே ஆறும், எதிரே பனி மூடிய மலைகளும் ஒவ்வொரு வளைவிலும் சற்று இடம் மாறித் தெரியும். பஸ் ஜன்னலிலிருந்து அது கிடைக்காது. மேலே போனதும் சால்வைக் கடைகள், தேநீர்க் கடைகள், வெளிநாட்டுப் பயணிகளுக்கான விடுதிகள் என்று ஒரு குறுகிய கடைத்தெரு. அது முடியும் இடத்தில் கோயில்கள். கோயிலுக்குப் பின்னால்தான் ஊர்.

அந்தக் கடைத்தெரு ஓரத்திலேயே ஒரு காட்சியைக் காண்பீர்கள். குழாய்களிலிருந்து ஆவி பறக்க வெந்நீர் கொட்டிக்கொண்டிருக்கும். பெண்கள் அங்கே உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருப்பார்கள், பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். பட்டு என்று அவர்கள் சொல்லும் கம்பளி ஆடையைச் சுற்றி, தலையில் துணி கட்டியிருப்பார்கள். பக்கத்தில், முதுகில் சுமக்கும் நீண்ட கூம்புக் கூடை இருக்கும். அதன் பெயர் கில்ட்டா. பயணிகள் பலர் இதைப் படம் பிடிக்கும் வேடிக்கையாகவே பார்க்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் இந்த ஊரே புரிந்துவிடும். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குழாயில் தண்ணீர் உறையும். ஒரு வாளி நீர் காய்ச்ச எவ்வளவு விறகு வேண்டும், அந்த விறகை யார் மலையிலிருந்து சுமந்து வர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்தில் இரவும் பகலும், விறகில்லாமல், காசில்லாமல் வெந்நீர் வருகிறது. மலையேறி விறகு சுமக்கும் பெண்களுக்கு அது என்ன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குளியல் குளங்களும் அப்படித்தான். கோயிலை ஒட்டி ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சுவர் எழுப்பிய கல் குளங்கள். மேலே வானம். கட்டணம் கிடையாது. விடியும் முன்பே ஊர்க்காரர்கள் வந்து குளித்துவிட்டுப் போவார்கள். வயல் வேலை, தோட்ட வேலை முடித்து மாலையில் மறுபடி வருவார்கள். முழங்கால் வலிக்காரக் கிழவர்கள் கண்ணை மூடி நீரில் அமர்ந்திருப்பதைப் பார்க்கலாம். தாத்தா பேரனுக்கு முதுகு தேய்த்துவிடுவார். இது அவர்களுடைய அன்றாடக் குளியலறை. அட்டவணையில் ‘சுற்றுலாத் தலம்’ என்று அச்சிட்டிருப்பதால் நாம் இதை மறந்துவிடுகிறோம். நம் வீட்டுக் குளியலறைக்குள் முன்பின் தெரியாத நாற்பது பேர் கூச்சலிட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் நுழைந்தால் நாம் என்ன செய்வோம்? அந்த ஊர்க்காரர்கள் ஒன்றும் சொல்வதில்லை. எழுந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் நேரில் பார்த்து மிகவும் வருந்திய காட்சி அது.

ஆகவே சில முறைகள் சொல்கிறேன். கேட்டு நடந்தால் உங்களுக்கும் குளியல் நன்றாக அமையும்.

மொத்த வகுப்பும் ஒரே நேரத்தில் குளத்துக்குப் போகாதீர்கள். பத்துப் பேர் குளிக்கட்டும், பத்துப் பேர் கோயில் பார்க்கட்டும், மற்றவர்கள் ஊருக்குள் நடக்கட்டும். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் போனால் ஊர்க்காரர்களின் காலைக் குளியல் முடிந்திருக்கும், பயணிகள் கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. குளத்தில் இறங்கும் முன் குழாய் நீரில் உடம்பைக் கழுவிக்கொள்ளுங்கள். சோப்பும் ஷாம்புவும் குளத்துக்குள் கூடவே கூடாது. குற்றாலத்தில் சோப்பு, எண்ணெய்க்குத் தடை இருப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே யாரும் சொல்லாமலே அதை நாமே கடைப்பிடிக்க வேண்டும். மாணவியர் ஒரு மாற்று உடையும் கனமான துண்டும் கைப்பையில் எடுத்துப் போங்கள், விடுதியில் வைத்துவிட்டு வராதீர்கள்.

நீர் முதலில் காலைச் சுடும். குதிக்காதீர்கள். பாதம், முழங்கால், இடுப்பு என்று மெல்ல இறங்குங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் இருந்தால் தலை கிறுகிறுக்கும், எழும்போது கண் இருட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டாம். ஏறியதும் தலையைத் துவட்டி, காதை மூடிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே அடிக்கும் காற்றுக்கும் அவ்வளவு வேறுபாடு. இன்னொன்று, வெள்ளிக் கொலுசு, அரைஞாண், மோதிரம் இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். கந்தகம் கலந்த நீர் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். ஏன் என்பதை வேதியியல் மாணவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

போன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளத்தின் சுவருக்குள் போனை எடுத்துப் போகாதீர்கள். செல்ஃபிக்காகக்கூட வேண்டாம். உங்கள் செல்ஃபியின் பின்னணியில் யாரோ ஒருவருடைய தாய் ஈரத் துணியோடு நிற்பார். உங்கள் தோழியும் நிற்கலாம். குளிக்கும் பெண்ணை அவள் சம்மதமின்றிப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள். ஒரே ஒரு படத்தினால் அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் குளத்துக்கே வரத் தயங்கினால், அதைவிடக் கேவலம் நமக்கு வேறில்லை. பத்துப் போன்களையும் ஒரு பையில் போட்டு, குளிக்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி கோயில். ‘வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி’ என்று நம் வீடுகளில் சொல்வார்கள். விசுவாமித்திரர் எவ்வளவு தவம் செய்தும், போட்டிக்காரரான வசிஷ்டரே ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் போட்டியில் வசிஷ்டர் என்ன இழந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வருகிறது. கல்மாஷபாதன் என்ற அரசன் ஒரு குறுகிய பாதையில் வசிஷ்டரின் மூத்த மகன் சக்தியை எதிர்கொள்கிறான். யார் விலகுவது என்று வாக்குவாதம். அரசன் சாட்டையால் அடிக்கிறான். சக்தி சபிக்கிறான். விசுவாமித்திரரின் தூண்டுதலால் ஓர் அரக்கன் அரசனுக்குள் புகுகிறான். அந்த அரசன் சக்தியைக் கொன்று தின்கிறான், பிறகு வசிஷ்டரின் மற்ற மகன்களையும். பழி வாங்கும் ஆற்றல் இருந்தும் வசிஷ்டர் பழி வாங்கவில்லை. தன் உயிரை விடத்தான் முயன்றார். மலையுச்சியிலிருந்து விழுந்தார். தீயில் புகுந்தார். கழுத்தில் கல் கட்டிக் கடலில் இறங்கினார். பிறகு கயிறுகளால் தன்னைக் கட்டிக்கொண்டு வெள்ளம் புரளும் ஓர் ஆற்றில் குதித்தார். அந்த ஆறு கயிறுகளை அறுத்து, அவரைக் கரையில் விட்டது. விபாசை என்று அந்த ஆற்றுக்கு அன்று பெயர். இன்று நீங்கள் மணாலியில் பார்க்கும் பியாஸ்தான் அது.

பிறகு ஒருநாள், பின்னாலிருந்து வேதம் ஓதும் குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறார். கணவனை இழந்த மருமகள் அதிருசியந்தி நிற்கிறாள். குரல் அவள் வயிற்றிலிருந்து வருகிறது. வம்சம் அற்றுப்போகவில்லை என்று தெரிந்ததும் சாகும் எண்ணத்தை விடுகிறார். அந்தக் குழந்தைதான் பராசரர். பராசரரின் மகன் வியாசர்.

பிள்ளைகளை இழந்த ஒரு தகப்பனை ஆறு கரையேற்றிய கதை இது. அந்தத் தகப்பன் கரையேறி வந்து தங்கிய இடம் இந்த ஊர்தான் என்று ஊர்க்காரர்கள் நம்புகிறார்கள். கோயிலுக்குள் இருட்டு. சின்னக் கருவறையில் கறுத்த கல்லில் வசிஷ்டர். நம் ஊர்க் கோபுரங்களின் உயரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், இவ்வளவுதானா என்று தோன்றும். கதையை நினைத்துக்கொண்டு போனால் அப்படித் தோன்றாது. பக்கத்திலேயே ராமர் கோயில். ரகு குலத்தின் குரு அல்லவா வசிஷ்டர்? லட்சுமணன் அம்பெய்து வரவழைத்ததே இந்த வெந்நீர் என்றும் அங்கே கதை சொல்வார்கள்.

இதோடு நிற்கவில்லை. பேரன் பராசரருக்கு மண்டி மாவட்ட மலையில், சுமார் 2,730 மீட்டர் உயரத்தில், ஒரு ஏரியும் அடுக்குக் கூரை வைத்த மரக் கோயிலும் இருக்கின்றன. கொள்ளுப்பேரன் வியாசரின் பெயரில், ஆறு பிறக்கும் உயரத்தில் பியாஸ் குண்டம் இருக்கிறது. ஒரே குடும்பத்தின் தலைமுறைகளை அந்த ஆற்றுநாட்டு மக்கள் மலை மலையாகக் குடியேற்றி வைத்திருக்கிறார்கள். பழைய மணாலியில் மனுவுக்குக் கோயில். மலாணாவில் ஜமதக்னியை ஜம்லு என்ற பெயரில் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். நாம் புராணத்தில் படிக்கும் முனிவர்கள் அங்கே ஊர்த் தெய்வங்கள். அவர்களுக்குப் பல்லக்கு உண்டு, மேளக்காரர்கள் உண்டு, கணக்கு வழக்கு பார்க்கக் கார்தார் என்ற நிர்வாகி உண்டு, அருள் வந்து குறி சொல்லும் குர் உண்டு. குர் என்பவரை நம் ஊர்ச் சாமியாடி என்றே புரிந்துகொள்ளலாம். மழை வேண்டுமா, வழக்குத் தீர வேண்டுமா, தெய்வத்திடம் கேட்டுத்தான் முடிவு.

நாடெங்கும் தசரா முடியும் விஜயதசமி நாளில்தான் குலு தசரா தொடங்கும். ஏழு நாள் நடக்கும். பள்ளத்தாக்கின் தெய்வங்கள் பல்லக்கில் ஏறி ரகுநாதரைப் பார்க்கக் குலுவுக்கு இறங்கி வரும். மணாலியின் ஹடிம்பா வந்து சேராமல் விழா தொடங்காது. நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த ஹடிம்பா கோயிலை 1553இல் ராஜா பகதூர் சிங் கட்டினார். பீமனை மணந்த அரக்கப் பெண்ணான ஹடிம்பாவைக் குலு அரச குடும்பம் பாட்டியாக மதிக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தேவதாருக் காட்டுக்குள் நடந்து பாருங்கள்.

பொங்கல் விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள் இதையும் அறிந்துகொள்ளுங்கள். மகர சங்கராந்தி முடிந்ததும் மணாலியை அடுத்த கோஷால் முதலான சில கிராமங்களில் சுமார் ஆறு வாரம் சத்தம் கூடாது. தெய்வங்கள் வானுலகம் போய்விட்டன, திரும்பும்வரை அமைதி காக்க வேண்டும் என்பது முறை. கோயில் மணி அடிக்க மாட்டார்கள், நிலத்தைக் கொத்த மாட்டார்கள், வானொலியும் தொலைக்காட்சியும் சத்தமாக வைக்க மாட்டார்கள். உங்கள் பஸ்ஸில் பாட்டுப் பெட்டி அலறும் என்பதை நான் அறிவேன். மணாலியைத் தாண்டி மேலே ஏறும்போதாவது அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஐ.வி. என்று பெயர் வைத்துவிட்டுத் தொழிற்சாலை எதையும் பார்க்காமல் வருகிறார்கள் என்று உங்களைக் குறை சொல்வோர் உண்டு. வசிஷ்டில் அரை நாள் இருந்தால் அந்தக் குறை நீங்கிவிடும். ஒரு வகுப்பறைக்குத் தேவையான எல்லாம் அங்கே இருக்கிறது.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? கீழே கந்தகம் எரிகிறது என்று வழிகாட்டிகள் சிலர் சொல்வார்கள். எரிமலை என்பாரும் உண்டு. இரண்டும் சரியில்லை. அந்த மலைகளில் எரிமலை கிடையாது. மழைநீரும் பனி உருகிய நீரும் சேர்ந்து பாறைப் பிளவுகள் வழியே பல நூறு மீட்டர், கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். இந்திய நிலத்தட்டு ஆசியாவை இன்னும் முட்டித் தள்ளிக்கொண்டிருப்பதால் இமயம் உயர்ந்துகொண்டே இருக்கிறது. ஆழத்தில் இருந்த சூடான பாறைகள் மேலே வருகின்றன, பாறை நெடுகப் பிளவுகள் விழுகின்றன. சூடேறிய நீர் அப்படி ஒரு பிளவைப் பிடித்து, ஆறுவதற்குள் விரைந்து மேலே வந்துவிட்டால் அதுதான் வெந்நீர் ஊற்று. வழியில் பாறையிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த பொருள்களில் கந்தகமும் ஒன்று. மூக்கில் படும் அந்த வாடை அதனுடையது. லட்சுமணன் அம்பையும் இந்த விளக்கத்தையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வதில் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. உங்களுக்கும் வேண்டாம்.

அட்டவணையில் மணிகரணும் இருந்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். பார்வதி ஆற்றங்கரையில் சுமார் 1,760 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஊற்றும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் வருகிறது. அங்கே அரிசியையும் கொண்டைக்கடலையையும் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கி வேக வைக்கிறார்கள். குருத்வாராவின் பந்திச் சோறும் இந்த நீரில் வேகிறது. சிவன் கோயிலும் ராமர் கோயிலும் குருத்வாராவும் ஒரே ஊற்றுக் கூட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் அது. அங்கே ஊற்றில் கை வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும்.

சிவில் மாணவர்கள் வசிஷ்டில் கோயிலோடு திரும்பக் கூடாது. பின்னால் உள்ள பழைய வீடுகளுக்கு இடையிலான சந்துகளில் நடக்க வேண்டும். சுவர்களைப் பாருங்கள். ஒரு வரிசை தேவதாரு உத்தரம், ஒரு வரிசை கல், மறுபடி உத்தரம், மறுபடி கல். மூலைகளில் உத்தரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லை. காட்-குனி என்று இந்த முறைக்குப் பெயர். நிலம் நடுங்கும்போது சுவர் மொத்தமாக இறுகி நின்று வெடிக்காமல், கல்லும் மரமும் கொஞ்சம் அசைந்து மீண்டும் அமர்ந்துகொள்ளும். 1905 ஏப்ரல் 4ஆம் தேதி காங்க்ரா நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். இந்தக் குலு பள்ளத்தாக்கில், இதே முறையில் கட்டிய நக்கர் கோட்டை அதைத் தாங்கி இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் மாடு, மேல்தளத்தில் மனிதர்கள். மாட்டின் உடல் சூடு மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக்கும். கூரையில் பலகைக் கல். இப்போது இந்த வீடுகளுக்கு நடுவே நான்கு மாடி கான்கிரீட் விடுதிகள் எழும்பிவிட்டன. தேவதாரு மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, சிமென்ட் லாரியில் வந்து இறங்கிவிடுகிறது, நம்மைப் போல் வருகிறவர்களுக்கு அறையும் வேண்டியிருக்கிறது. நிலநடுக்கப் பகுதியில், சரிவான மண்ணில், அந்த விடுதிகளைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை கட்டடம் வரையப் போகிறவர்கள் நீங்கள். பழைய சுவர்கள் மீதமிருக்கும்போதே அவற்றின் மூலைகளை வரைந்துகொண்டு வாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையுங்கள்.

ஊரைத் தாண்டி ஆப்பிள் தோட்டங்கள், பைன் மரங்கள் வழியாக ஒரு மணி நேரம் நடந்தால் ஜோகினி அருவி. கேப்டன் ஆர்.சி. லீ என்ற ஆங்கிலேயர் 1870இல் குலுவுக்கு அருகில் பந்த்ரோலில் ஆப்பிள் நட்ட பிறகே இந்தப் பள்ளத்தாக்கு ஆப்பிள் நாடானது. ஏப்ரலில் போனால் பூவும் செப்டம்பரில் போனால் காயும் பார்க்கலாம். கைநீட்டிப் பறிக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருமானம். அருவி ஜோகினி என்ற பெண் தெய்வத்தின் இடம். அங்கே சிப்ஸ் பாக்கெட்டும் பாட்டிலும் போடுவது கோயிலுக்குள் போடுவதற்குச் சமம். பசித்தால் சித்து கேளுங்கள். வால்நட்டோ கசகசாவோ உள்ளே வைத்து ஆவியில் வேக வைத்த கோதுமைப் பண்டம், சூடாக நெய் ஊற்றித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். பயண ஏற்பாட்டாளரின் சமையல்காரர் அங்கேயும் சாம்பார் வைப்பார். ஒருவேளையாவது ஊர்ச் சாப்பாடு சாப்பிடுங்கள், அந்தக் காசு ஊருக்குப் போகட்டும். சந்துகளில் யாராவது அருகில் வந்து சரஸ் (கஞ்சாப் பிசின்) வேண்டுமா என்று மெல்லக் கேட்கக்கூடும். நில்லாமல் நடந்துவிடுங்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி அது சிறை. படிப்பும் வேலையும் போய்விடும்.

கடைசியாக ஆறு. இதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனம் வராது. 2014 ஜூன் 8ஆம் தேதி, உங்களைப் போலவே கல்விச் சுற்றுலா வந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் மணாலிக்குப் போகும் வழியில், மண்டி மாவட்டம் தலௌட் அருகே பஸ்ஸை நிறுத்தி, படம் எடுக்க பியாஸ் ஆற்றுப் பாறைகளில் இறங்கினார்கள். மேலே லார்ஜி அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டது. ஆறு கண நேரத்தில் உயர்ந்தது. 24 மாணவ மாணவியர் போய்விட்டார்கள். பாறையில் நின்றபோது கணுக்கால் அளவு நீர்தான் இருந்திருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் மின் அணைகள் அடுத்தடுத்து உள்ளன. மேலே எப்போது மதகு திறக்கும் என்று நமக்குத் தெரியாது. 2023 ஜூலையில் பெய்த மழையில் அதே ஆறு குலு – மணாலி நெடுஞ்சாலையைத் துண்டு துண்டாக அரித்துப் போனது. எனவே ஜூலை, ஆகஸ்டில் ஐ.வி. வேண்டாம் என்று உங்கள் துறைத்தலைவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். எந்த மாதத்தில் போனாலும், ஓட்டுநர் எவ்வளவு பாதுகாப்பான இடம் என்றாலும், நண்பர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும், ஆற்றுப் பாறையில் இறங்காதீர்கள். நீரில் இறங்கும் ஆசைக்கு மலைமேல் வசிஷ்டில் குளம் இருக்கிறது.

உங்களோடு வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சோலாங்கில் பனிச்சறுக்கு, அடல் சுரங்கம், அதற்கப்பால் சிஸ்ஸு என்று ஒரே நாளில் அடுக்கினால் மாணவர்கள் பார்ப்பது பெரும்பாலும் போக்குவரத்து நெரிசலைத்தான். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து வண்டிகள் பெருகிவிட்டன. அதில் ஒன்றைக் குறைத்து, அந்த நேரத்தை வசிஷ்டுக்குக் கொடுங்கள். பிள்ளைகளை நடக்க விடுங்கள். நீங்களும் அந்த வெந்நீரில் இறங்குங்கள்.

மாணவர்களே, இதை மணாலி போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் நடக்காது. ஓட்டுநர் தன் கையிலுள்ள தாளில் இருக்கும் இடத்துக்குத்தான் வண்டியை விடுவார். அட்டவணை முடிவாகும் முன்பே, உங்கள் வகுப்புப் பிரதிநிதியிடமும் ஒருங்கிணைக்கும் ஆசிரியரிடமும் வசிஷ்டுக்கு அரை நாள் எழுதச் சொல்லிக் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற மாணவர்களோடு அந்த மலை ஏறிய ஓர் ஆசிரியன்